பெயர் எழுதாத கார்டுகள்

அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் முதலில் வருவது சோற்றுப் பசை புளித்த வாசம். அதற்குப் பின்னால்தான் தாள் வாசம்...

அப்போது பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுக ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் கார்டு செய்வது என் அக்கா ஸ்டெல்லாவின் வேலை. அப்பா காசு கொடுக்காமல் இல்லை. அவளுக்குத்தான் கடையில் வாங்கப் பிடிக்காது.

"கடை கார்டுல நம்ம வீடு எங்கடி இருக்கு?" என்பாள்.

அதனால் வருஷம் முழுக்க ஒரு துண்டுத்தாளைக்கூட வீசவிடமாட்டாள். காலண்டர் ஓரம், சேலைக்கடைப் பை, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பெருநாளுக்குக் காசு வைத்துத் தரும் சிவப்பு அங்பாவ் உறை, அப்பா ஆபீசில் வீணாய்ப் போகும் ரோஸ் கலர் தாள்... எல்லாம் டின்னுக்குள் போகும். ஒட்டுவதற்கு, குழைந்த சோறு.

ஒரு வருஷம் தங்கக் கலர் வேண்டுமென்று சீனர் பூசைச் சாமான் கடையிலிருந்து ஒரு கட்டுத் தாள் வாங்கி வந்தாள். பினாங்குக்காரர்களுக்கு அந்தத் தாள் தெரிந்திருக்கும். நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி ஒட்டி, முதல் கார்டை ஆன்ட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆன்ட்டி கையை உதறிக்கொண்டு மலாயில் கத்தினார்.

"அலாமா ஸ்டெல்லா! இனி உந்தோக் ஒராங் மாத்தி லா!"

செத்தவர்களுக்காக எரிக்கிற தாளாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இயேசப்பா கோச்சுக்க மாட்டாரும்மா" என்று சொல்லி, வெட்டியது போக மிச்சத்தை டின்னில் போட்டு மூடினாள்.

பிறகு அவள் எதிர்க்கரையில் ஜுரு என்ற ஊரில் பேக்டரி வேலைக்குப் போனாள். அங்கே ஓர் இந்துப் பையனைப் பிடித்துப்போயிற்று. அப்பா ஒற்றைக்காலில் நின்றார், முடியவே முடியாதென்று. ஒருநாள் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் துணிமணியெல்லாம் அப்படியே இருந்தது. டின்னை மட்டும் காணோம்.

"அவ பேரு இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார் அப்பா.

அந்த டிசம்பரில் தபாலில் ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. முன்பக்கம் ரோஸ் தாளின் மேல் ஒரு தங்க நட்சத்திரம். செத்தவர் தாளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வெட்டுகிற ஆள் வேறு யார் இருக்க முடியும்? அம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அப்பா செய்தித்தாளை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தக் கார்டு கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தது. ஒவ்வொரு கார்டிலும் எங்கள் வீட்டுத் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. எனக்கு அதுதான் பயம். டின் காலியானதும் நிறுத்திவிடுவாளோ என்று... அவள் இருக்கிறாள் என்பதற்கு எங்களிடம் இருந்தது அது ஒன்றுதானே.

ஒரு வருஷம் வந்த கார்டில் நட்சத்திரத்தைத் தவிர எனக்குத் தெரிந்த துண்டு எதுவுமே இல்லை. அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மஞ்சள் அட்டை ஒன்றில் ஒரு குழந்தையின் பாதிக் கன்னம். பால்மாவுப் பெட்டி.

"என்னங்க... அவளுக்குப் புள்ள பொறந்திருக்குங்க."

அப்பா எழுந்து வந்து கார்டை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அவகூட வேல செஞ்ச புள்ளைங்க யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும். எங்க இருக்கான்னு கேட்டு வையி" என்று என்னிடம் சொன்னார்.

ஈஸ்டருக்கு ஜோகூரிலிருந்து அக்கா வந்தாள், கைக்குழந்தையோடும் அத்தானோடும். அப்பா பேரனைக் கீழே விடவே இல்லை.

அப்பா போய் ரொம்ப காலமாகிறது. அம்மா இப்போது படுத்த படுக்கை. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புவாள், பூ, ஜெபம், மினுக்கும் நட்சத்திரம்... "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். "ஓகே லா அக்கா" என்று போடுவேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அழுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன டிசம்பரில் குப்பை கட்டும்போது கை நின்றுவிட்டது. அம்மாவின் மருந்துப் பெட்டிகள், டயப்பர் பாக்கெட், ஆஸ்பத்திரி நம்பர் சீட்டு, என் இடுப்பு வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டரின் உறை. வெட்டினேன். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் ஒரு நட்சத்திரம், கோணல்மாணலாக. சோற்றால் ஒட்டினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஜோகூருக்குத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து போன் வந்தது.

"கார்டு கெடச்சிச்சு" என்றாள் அக்கா. "அந்தப் பிளாஸ்டர் யாருக்கு? அம்மாவுக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான் அக்கா."

"டிக்கெட் எடுத்துட்டேன். வெள்ளிக்கிழம வந்துர்றேன். ஒடனே எல்லாம் திரும்ப மாட்டேன்."

வந்துவிட்டாள். இப்போது பகல் பதினொரு மணி. அடுத்த அறையில் அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் இதைப் படுத்துக்கொண்டே டைப் செய்கிறேன். சற்றுமுன் எழுந்து காலி மருந்துப் பெட்டியைக் குப்பையில் போடப் போனேன்.

"அத வீசாத, அங்க வச்சிட்டு நீ போயி தூங்குடி" என்றாள்.