சின்னக்கண்ணுவுக்கு ஒரு வாய் ஷாம்பெய்ன்

சென்றாயனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், பெங்களூரில் பிராந்திக் கடையில் இருக்கிறவர் என்றுதான் சொல்வார்கள். மலைமேல் பல ஊர் சேர்ந்த தேவனூர் நாட்டில் இருபத்தைந்து வருஷமாக அவருக்கு அதுதான் பெயர். பெரிய ஹோட்டல், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு டை, விருந்தாளிகளுக்கு வைன் பரிமாறும் வேலை என்று அவர் எத்தனை தடவை விளக்கினாலும் சரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதானே, சாராயம் ஊற்றுகிற வேலை என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு கட்டத்தில் அவரும் விளக்குவதை விட்டுவிட்டார். விடாதவள் ஒருத்திதான், அவர் மனைவி சின்னக்கண்ணு. குழாயடியில் யாராவது வாயைக் கிளறினால் குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். எங்கூட்டுக்காரரு குடிக்கிறவரில்ல, ருசி பாக்கறவரு என்பாள். அது என்ன ருசி என்று திருப்பிக் கேட்டால் மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லையே.

அந்த ஒரு சொட்டுக்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சென்றாயன் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் இருவரும் சேலத்துக்கு இறங்க வேண்டும். சின்னக்கண்ணுவுக்கு நாக்கின் அடியில் புற்று. முப்பத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கப்போகிறார்கள். எச்சில் வற்றிப்போகும், ருசி போய்விடும், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராமலே போகும் என்று டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னால் மகள் சுமித்ரா போன் செய்து விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே சென்றாயன் வேலையை உதறிவிட்டு மலையேறி வந்திருந்தார்.

சின்னக்கண்ணு அலட்டிக்கொள்ளவில்லை. ருசி போனால் போகட்டும், உயிர் நின்றால் சரி என்று டாக்டர் அறையிலேயே சொல்லிவிட்டாள். ஆடிப்போனது சென்றாயன்தான். ருசியை வைத்தே பிழைத்த மனுஷன் அவர். ஒரு நாள் உனக்குக் காட்டுகிறேன், ஒரு நாள் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை காலத்தையும் ஓட்டியிருந்தார். இப்போது கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மத்தியானம். இந்த நிலைமையில் இருப்பவள் ஒரு வாய் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்கலாம்தான். கேட்டால் திட்டுவார் என்று கேட்காமலே வந்துவிட்டார்.

பெங்களூருக்கு அவர் போனது வயிற்றுப்பாட்டுக்காக. ஒரே மழைக்காலத்தில் மிளகுக் கொடி மொத்தமும் வாடிக் கருகிப்போன வருஷம் அது. சுமித்ராவுக்கு அப்போது மூன்று வயது. ஹோட்டலில் கிளாஸ் கழுவும் வேலை கிடைத்தது. வருகிற கிளாஸை எல்லாம் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போடுவார். ஏன் மோந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தோட்டத்தின் எந்த மூலையில் பலா பழுத்திருக்கிறது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்கிற மூக்கு, சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில், எந்த மேஜையில் எந்த பாட்டிலைத் திறந்தார்கள் என்று எச்சில் கிளாஸை வைத்தே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வைன் பிரிவுக்குத் தலைவராக இருந்த மோகன்ராஜ் இதைக் கேள்விப்பட்டு, வேடிக்கையாக ஆறு கிளாஸை வரிசையாக வைத்துச் சோதித்தார். ஆறையும் சென்றாயன் பிசகாமல் சொன்னதும் அவருடைய வேடிக்கை போன இடம் தெரியவில்லை. அடுத்த வாரமே தொட்டியடியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டார்.

அங்கே குடிக்கிற வேலை கிடையாது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, மனசில் பதித்துக்கொண்டு துப்பிவிட வேண்டும். ஒரு நாள், பதினெட்டு வருஷம் இருட்டறையில் படுத்துக் கிடந்த ஷாம்பெய்ன் பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். புது ஷாம்பெய்ன் நாக்கைக் குத்தும். இது குத்தவில்லை. நுரை பூப்போல இருந்தது. முதலில் வறுத்த தினைமாவு வாசம், அப்புறம் தேனடை, அதற்கும் அடியில் மழை நின்ற காட்டின் ஈர வாசம். துப்பிய பிறகும் ஒரு முழு நிமிஷம் வாயைவிட்டுப் போகவில்லை. சென்றாயன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, நமக்கு மட்டும் தெரிகிறது, சின்னக்கண்ணுவுக்குத் தெரியாது என்று அழுதார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வயிற்றுக்காகப் போன மனுஷன் நாக்குக்காகத் தங்கிவிட்டார். நாலே வருஷத்தில் மிளகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. பொங்கலுக்கும் ஆடி நோன்பிக்கும் நாலு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்துப் பிறந்தபோது, பெரிய விருந்து ஒன்று, நகர முடியவில்லை என்று நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அதற்கும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அப்படியே போய்விட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனைத் தப்பவிட்டதே இல்லை. அந்த வாரம் ருசி பார்த்ததை எல்லாம் அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்வார். இன்றைக்கு ஒரு சிவப்பு வைன், பச்சை மிளகைக் கசக்கினாற்போல் இருந்தது என்பார். அவளும் அடுப்படி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மிளகுன்னா புதுசா, காஞ்சதா என்று விசாரிப்பாள். ஊரில் வேறு யாருக்கும் சொல்ல முடியாத பேச்சை அவளிடம்தான் பேசினார். அவர் அங்கே இருந்ததற்கு ஒரு நியாயம் உண்டென்று அவளுக்கும் ஒரு நாள் நாக்கில் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அது தெரியாமலே அவள் நாக்கு செத்துப்போய்விட்டால், அவருக்கு இந்த ஜென்மத்தில் மன்னிப்பு கிடையாது.

அதற்கு ஒரு பாட்டில் இருந்தது. ஓம்பிரகாஷ் என்று ஒரு பெரியவர் வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு மனைவியோடு ஹோட்டலுக்கு வருவார். நாற்பதாவது வருஷத்துக்கு என்று, கல்யாணமான காலத்திலிருந்தே நினைத்து வைத்து, இரண்டு பழைய ஷாம்பெய்ன் வாங்கி வைத்திருந்தார். அந்த அம்மாள் முப்பத்தொன்பதாவது வருஷத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு பாட்டிலைத் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு, மற்றதைச் சென்றாயன் கையில் கொடுத்து, ஊருக்குப் போய் மனைவியோடு குடி, நாள் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். சென்றாயன் நாள் பார்த்தார். சுமித்ரா படிப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும், நான் ஒரேயடியாக வந்துவிடுகிறேன், அப்போது திறக்கலாம் என்று ஒன்பது வருஷம் ஓடிப்போனது. புத்தி கெட்ட மனுஷன், வேறென்ன சொல்வது?

பாட்டிலை வீட்டில்தான் வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில், மண் சுவர் ஓரம், குளிர்ச்சியாக, வெளிச்சம் படாமல், படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். போனில் கேட்கும்போதெல்லாம், பத்திரமா வெச்சிருக்கறனுங்க என்பாள். வந்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரியும் ஸ்கேனும் என்று அலைந்ததில் குனிந்து பார்க்கவும் அவருக்கு நேரம் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் செல்வத்தின் டீக்கடையில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் கேட்டு வாங்கி வந்தார். சில்வர் டம்ளரில் குடிக்கிற பொருளா இது? கிளாஸை மூன்று தடவை கழுவினார். ஊற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, அந்த பாட்டிலை எடுத்து வா புள்ள என்றார். சின்னக்கண்ணு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். வேறு எதற்கோ போகிறாள் என்று நினைத்தார். உள்ளே ஏணி நகர்கிற சத்தம் கேட்டது.

அந்த மலையில் அடுப்புக்கு நேர் மேலே பரண் இருக்கும். அடுத்த வருஷ விதை அங்கேதான் கிடக்கும். சாமை, தினை, கேழ்வரகு, அவரை எல்லாவற்றையும் கட்டி அந்தப் புகையிலும் சூட்டிலும் போட்டுவைத்தால் புழு அண்டாது, பூச்சி அண்டாது. வீட்டில் எது போனாலும் போகட்டும், விதை போகக்கூடாது என்று இருக்கிறவர்கள், இழக்கவே முடியாததை எல்லாம் கொண்டுபோய் அங்கே வைப்பார்கள். நகையைக்கூட அங்கே வைத்தவர்கள் உண்டு.

அங்கேயிருந்துதான் பாட்டில் வந்தது. கரி படிந்துபோய், எது கண்ணாடி எது லேபிள் என்று தெரியாமல் இருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தாள். முகமெல்லாம் பெருமை.

"கட்டிலுக்கடியில அட்டப்பொட்டியில கரையான் ஏறிருச்சுங்க. நீங்க குடுத்துட்டுப் போன மறுவருசமே எடுத்து வெதையோட நிக்க வெச்சுட்டேன். ஒரு நாளும் அடுப்ப அணைய உட்டதில்லீங்க."

எட்டு வருஷம். மூன்று வேளை அடுப்புக்கு மேலே எட்டு வருஷம், அதுவும் செங்குத்தாக நின்றபடி. சென்றாயன் பாட்டிலைக் கையில் வாங்கினார். நல்ல காரியம் பண்ணினாய் என்று மட்டும் சொன்னார். வாளித் தண்ணீரில் குளிர வைத்து அரைமணி நேரம் காத்திருந்தார். அந்த அரைமணியும் அவர் வேண்டாத சாமி இல்லை. அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டார், எட்டுக்கையம்மனைக் கும்பிட்டார், ஆயிரத்தில் ஒன்று தப்பும், இது அந்த ஒன்றாக இருக்கட்டும் என்று கெஞ்சினார்.

தக்கையைச் சுற்றியிருந்த கம்பியைப் பிரித்தார். நல்ல ஷாம்பெய்ன் என்றால் தக்கை விரலுக்குள் முட்டிக்கொண்டு வரும், பெருமூச்சு விடும். இது காய்ந்து சுருங்கிப்போய்ச் சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. ஊற்றினால் டீத்தண்ணீர் நிறத்தில் விழுந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை. எப்போதும் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு ஊற்றுவார். அன்றைக்குப் படபடப்பில் இரண்டு கிளாஸிலும் ஊற்றிவிட்டார். வாயில் வைத்தார். வெந்த புளிக்கரைசல், அழுகின ஆப்பிள், அதற்குமேல் ஒரு கரிப்புகை. அவ்வளவுதான். செத்துப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தடுக்கலாம் என்று நிமிர்ந்தபோது சின்னக்கண்ணு கிளாஸை வாயில் வைத்துவிட்டாள். போனில் இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தபடியே நாக்கில் உருட்டினாள். புண் எரிந்திருக்கும், கண்ணில் நீர் கட்டியது. கொஞ்சம் காற்றை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். தினைமாவைத் தேடினாளோ, தேனடையைத் தேடினாளோ. இருந்தால்தானே கிடைக்கும்? கடைசியில் விழுங்கினாள். முற்றத்துக்கு அந்தப்பக்கம் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ஏனுங்க, இதுக்குத்தானுங்களா அத்தன வருசம் அங்கயே இருந்தீங்க?"

இருபத்தைந்து வருஷமாக அவள் கேட்காத கேள்வி. பதில் சென்றாயனுக்கு நாக்கு நுனியில் இருந்தது. இது அது இல்லை புள்ள, இது கெட்டுப்போனது, அடுப்புச் சூட்டில் வெந்து செத்தது. அவ்வளவு சொன்னால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார். அவர் அங்கே கிடந்த காலத்துக்கு ஒரு மரியாதை மிஞ்சும். ஆனால் அப்புறம் அவள்? விதையோடு விதையாகக் காத்து வைத்தவள், என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்ற நினைப்போடு நாளைக்கு பஸ் ஏறுவாள். முப்பத்தைந்து நாளும் அந்த மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதையே நினைப்பாள்.

"ஆமா புள்ள," என்றார். "இதுக்குத்தான்."

சின்னக்கண்ணு தலையை ஆட்டினாள். செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, ஒற்றையாய்க் கிடந்த ராத்திரிகளைப் பற்றிக் கேட்கவில்லை. தன் கிளாஸில் மிச்சம் இருந்ததை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்குப் போதுமுங்க. நீங்க குடிங்க, உங்களுக்குப் புடிச்சதாச்சே."

அவர் குடித்தார். தன்னுடையதையும் அவளுடையதையும் குடித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்தி, ருசித்துக் குடிப்பவர் குடிப்பதுபோலவே குடித்தார். தன்னைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது அதில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள்போல, கிளாஸ் காலியாகிற வரைக்கும் அவர் முகத்தையே சின்னக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள்.