செவலையின் கழுத்துப்பட்டை

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில், சென்சார் என்கிற உணரிகளுக்கு எண் ஒட்டுவது என் வேலை. எந்த உணரி சொன்னது என்று தெரியாத அளவைக் குப்பையில் போடு என்பார் சூப்பர்வைசர். அந்த ஆள் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் சொன்னதில் இது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

சுங்கை லாலாங்கில் அண்ணன் மாடு வளர்க்கிறார். பாமாயில் தரும் செம்பனைக் காட்டுக்குள் அவற்றைத் தேடி அலைந்து அலுத்துப்போய், ஒவ்வொன்றுக்கும் உணரி வைத்த கழுத்துப்பட்டை வாங்கிக் கட்டினார். மாடு எங்கே நிற்கிறது, உடம்பு சுடுகிறதா என்று அண்ணியின் கைப்பேசி காட்டிவிடும். பட்டையின் எண்ணுக்கு நேரே மாட்டின் படம் இருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்டுவதற்காகப் பட்டைகளைக் கழற்றியிருக்கிறார்கள். கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டிய சந்தோஷத்தில் கைக்கு வந்த பட்டையைக் கிட்டத்தில் நின்ற மாட்டுக்குக் கட்டிவிட்டார்கள். எண்ணை யார் பார்த்தார்கள்?

செவலைப் பசு நிறைசினை. தாயில்லாக் கன்றாக இருந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அண்ணி. அடுத்த வாரம் நான் போயிருந்த அன்று மதியம், கறுப்புப் பசுவுக்குக் காய்ச்சல் என்று கைப்பேசி காட்டியது.

"அதுக்கா? யானை மாதிரி இருக்கு, அதுக்கு என்னா காய்ச்சல்" என்று அண்ணி சிரித்தார். சாயங்காலம் செவலையும் கறுப்பும் திரும்பவில்லை. அண்ணி கைப்பேசியைப் பார்த்தார். "செவலை மேட்டுலதான் படுத்திருக்கு, சூடு இல்ல. மழை விடட்டும்லா" என்றார்.

மழை விட்டதும் மேட்டுக்குப் போனோம். அங்கே கறுப்பு அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. அதன் கழுத்தில் செவலையின் பட்டை. அண்ணி பட்டையின் எண்ணைக் கைப்பேசியோடு ஒத்துப்பார்த்தார். கறுப்பு இருப்பதாகக் கைப்பேசி காட்டிய வாய்க்காலுக்கு ஓடினோம். செவலை அங்கே கிடந்தது. கன்று பாதி வெளியே வந்திருந்தது. இரண்டும் செத்துப்போயிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியை வாய்க்காலில் வீசியிருப்பேன். ஆனால் உணரி பொய் சொல்லவில்லை. செவலைக்கு முடியவில்லை என்று மதியமே சொன்னது, கறுப்பின் பெயரில் சொன்னது. கூப்பிடு தூரத்தில்தான் இருந்தோம்.

போன மாதம் எண்களைச் சரிசெய்து தருகிறேன் என்று கைப்பேசியைக் கேட்டேன். அண்ணி தரவில்லை. திரையில் செவலையின் படம் செம்பனை வரிசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"கறுப்புதான்னு எனக்குத் தெரியும்" என்றார். "இருந்துட்டுப் போவட்டும். காலையில எடுத்துப் பார்த்தா செவலை மேயுதுன்னு காட்டுதுல்ல."