தகரக் கோழியும் ஒரு ‘வாறன்’னும்

போன மாதம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பயப்படாதீர்கள், பல்லைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிடுங்கி முடிந்ததும் நேர்ஸ் பிள்ளை வாயில் பஞ்சை அடைத்து, "அரை மணித்தியாலம் கடிச்சுக்கொண்டு வெளிய இருங்கோ ஐயா, கதைக்கக்கூடாது" என்றது. கதைக்கக்கூடாதாம்! மனைவி காலமாகி நாலு வருடம். ஓர்ஸ் ஹில் வீட்டில் நான் யாரோடு கதைக்கிறேன்? காலையில் பாண்காரரிடம் "ஒண்டு" என்பேன். அத்தோடு அன்றைய கதை முடிந்தது.

வெளியே டிவியில் பழைய கார்ட்டூன் ஒன்று. ஒரு சேவல், கூரை உச்சியில் காற்றுக்குச் சுழலும் தகரக் கோழியைக் காதலிக்கிறது. புழு கொண்டுபோய் நீட்டுகிறது. காற்றடிக்க, கோழி மறுபக்கம் திரும்புகிறது. வெட்கமாக்கும் என்று சேவல் அந்தப் பக்கம் ஓடுகிறது. மறுபடி காற்று... மறுபடி ஓட்டம். கடைசியில் தொபுக்கடீர்!

கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தது இரண்டே பேர் — நானும், பக்கத்துக் கதிரையில் இருந்த டீச்சரும். எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். அவரும் தனி.

"பாவம், அந்தச் சேவலுக்கு ஆராவது சொல்லக்கூடாதோ?" என்றார்.

"ம்" என்றேன்.

"நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள்தானே? கிழமைக்குக் கிழமை வாசிக்கிறனான்."

"ம்ம்!"

"மகள் கனடாவுக்கு வரச்சொல்லி ஒரே கரைச்சல். விசாவும் வந்திட்டுது. அங்க பல்லுக் கட்டுறதெண்டால் வீட்டை விக்கவேணுமாம், இஞ்சயே முடிச்சுக்கொண்டு வரட்டாம். எனக்கெண்டால் மனமில்லை. ஆனா இஞ்ச நிக்கிறதுக்கும் ஒரு காரணம் வேணுமே... என்ன சொல்லுறீங்கள்?"

நாலு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். வாயில் பஞ்சு!

அதற்குள் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். "அப்ப வாறன்" என்று சொல்லி உள்ளே போனார்.

இந்த ‘வாறன்’ இருக்கிறதே... நம் ஆட்கள் எங்கிருந்து கிளம்பினாலும் வாறன்தான். ஒரேயடியாக நாட்டை விட்டுப் போகிறவனும் வாறன் என்றுதான் சொல்வான். ‘போறன்’ என்று சொல்ல வாய் வராது. செத்தவீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம்.

அரை மணித்தியாலம் முடிந்தது. பஞ்சைத் துப்பினேன். இனிக் கதைக்கலாம். காத்திருக்கலாமா? அவர் வாய்ப்பழக்கத்தில் சொன்னதாக இருந்தால்? வெளியே வந்து, "என்ன, இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டால்? அறுபத்தெட்டு வயதில் கூரையிலிருந்து விழுந்தால் எலும்பு பொருந்தாது. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, டீச்சரின் ஒழுங்கையைத் தவிர்த்து, கடற்கரை வீதியால் சுற்றித்தான் கடைக்குப் போய்வந்தேன்.

கடந்த செவ்வாய் அடுத்த பல்லுக்காகப் போனேன். நேர்ஸ் பிள்ளை கண்டதும் பிடித்துக்கொண்டது.

"என்ன ஐயா, அண்டைக்கு டீச்சர் உங்களைத் தேடினவ. ‘வாறன் எண்டு சொல்லிட்டுத்தானே போனனான், எங்க போயிட்டார்?’ எண்டு கேட்டுக்கேட்டு, அந்தக் கதிரையிலயே கன நேரம் இருந்தவ."

தகரத்தைக் கோழி என்று நம்பியது சேவலின் பிழை. கோழியைத் தகரம் என்று நினைத்தது — டீச்சர் மன்னிக்க வேண்டும் — என் பிழை. சேவலாவது கூரை வரைக்கும் ஏறிப் பார்த்தது.

"இப்ப வீட்டில நிப்பாவோ?"

"இல்லை ஐயா, முந்தநாள் கனடாவுக்குப் போயிட்டா. இஞ்சயும் வந்து சொல்லிட்டுத்தான் போனவ."

"என்னெண்டு?"

"‘போறன் பிள்ளை’ எண்டு."

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். சொல்லைப் பிழையாகப் போட்டிருக்கமாட்டார்.