சினைப்பசுவின் படம்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் வெள்ளைக்காரர்களைத் தெருவில் காண்பதே அபூர்வம். தண்ணீர்மலையில் எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு துரைசானி இருந்தார். சண்டையில் சேராத ஏதோ ஒரு தேசத்துக்காரர் என்று அவரை முகாமில் அடைக்காமல் விட்டிருந்தார்கள். ஆடு, வாத்து, கோழி எதைக் கண்டாலும் குந்தி உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைவார். இந்தப் பஞ்சத்தில் கோழியைத் தின்னாமல் படம் போடுகிறாரே என்று சந்தே சிரித்தது.

எங்கள் செவலைப் பசுவை மட்டும் அம்மா வரைய விடவில்லை. அது சினையாக இருந்தது.

"சினைமாட்ட உத்துப் பாக்கவே கூடாது, இதுல படம் வேறயா? கண்ணு பட்டுரும் லா!"

எனக்குப் பத்து வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதியா நான்? அம்மா கிழங்கு பிடுங்கப் போன நேரத்தில் துரைசானியை நானே கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். செவலை தாளில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் அவர் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே கன்று உதைத்தது. குழந்தை மாதிரி சிரித்தார்.

எட்டாம் நாள் சிப்பாய்கள் வந்து செவலையை லாரியில் ஏற்றினார்கள். "சினைமாடுங்க, சினைமாடு!" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள். அவர்களுக்குத் தமிழா தெரியும்? கண் பட வைத்த பாவி நான்தான். சொன்னால் அம்மா கொன்றே போடுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. கிடைத்த கிழங்கும் தொண்டையில் இறங்கவில்லை.

மாட்டுப் பொங்கல் வந்தது. மாடில்லாத கொட்டகையை அம்மா கழுவி, அரிசி இல்லாததால் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பொங்க வைத்தாள். அந்த நேரம் பார்த்தா துரைசானி வரவேண்டும்! கையில் செவலையின் படம். உங்கள் மகள்தான் கொட்டகைக்குக் கூட்டி வந்தாள் என்று மலாயில் நன்றி வேறு சொல்லிவிட்டார். போச்சு!

"நீயா கூட்டியாந்த?"

"ஆமாம்மா. என்னாலதாம்மா செவலை போச்சு." அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா அடிக்கவில்லை. படத்தைச் சுவரில் சாய்த்து, செவலையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அந்தப் பெருத்த வயிற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கிக்காரன் கொண்டு போனதுக்கு நீ என்னடி பண்ணுவ? நீ இவங்களக் கூட்டியாரலன்னா இன்னைக்கு நான் யாருக்குடி பொட்டு வைப்பேன்?"

முதல் பிடியைப் படத்தின் முன் வைத்தாள். அடுத்ததைத் துரைசானிக்குக் கொடுத்தாள். மூன்றாவதை என் வாயில் ஊட்டினாள். அன்றைக்குத்தான் எனக்குத் தொண்டையில் இறங்கியது.