ரிசல்ட் வந்தால் கதவு திறக்கும்

பேய்க் கதை சொல்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே சத்தியம் செய்வார்கள். இருதயராஜ் செய்யவில்லை. "இது நடக்காம இருந்திருக்கலாம் சார்" என்றார், அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. பாத்ரூம் போக மனைவியை எழுப்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவனே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருதயராஜுக்கு வீடு மேனாம்பேட்டில். வேலை, வௌவால் வாயில் பஞ்சுக்குச்சி விடுவது. வௌவால்கள் சுமக்கும் வைரஸ்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஓர் ஆராய்ச்சியில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்கப் போனபோது 'மெடிக்கல் லைன்' என்று சொல்லித் தப்பித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் ரோஷினிக்கு விஷயம் தெரிந்தது. இப்போது கைக்குழந்தை வேறு. அவள் சட்டம் போட்டுவிட்டாள். வௌவால் பிடித்துவிட்டு வந்தால் மாடி அறை. வெளியே தாழ்ப்பாள். சோறு ஜன்னல் வழியாக. ரிசல்ட் வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் கதவு திறக்கும், குழந்தையைத் தொடலாம்.

போன ஆகஸ்டில் திருமழிசையில் ஒரு ஷெட்டுக்குப் போனார்கள். லாக்டவுனில் மூடிய கம்பெனி. அதற்குப் பிறகு உள்ளே வௌவால்கள்தான் குடித்தனம். போனது மூன்று பேர். குழுவுக்குத் தலைவி டாக்டர் கனிமொழி. வலை கட்டுகிறவர் பூந்தமல்லி நஜீர். மூன்றாவது இருதயராஜ். மூவருக்கும் தலைமுதல் கால்வரை வெள்ளைப் பாதுகாப்பு கிட். யார் யாரென்று தெரியாது என்பதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

"முதுகுல இன்னா எழுதட்டும் அண்ணாத்தே?" என்றார் நஜீர்.

"டூ லெட்னு எழுது. ஊட்ல எனக்கு எடமில்ல."

நஜீர் அப்படியே எழுதிவிட்டார்.

ஆறே முக்காலுக்கு வௌவால்கள் கிளம்பின. நஜீர் ஷெட்டின் அந்தக் கோடியில் வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சின்னத் துணிப்பையில் போட்டு, இருதயராஜின் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். இவர் பையின் வாயைத் தளர்த்துவார். மூஞ்சி எட்டிப் பார்க்கும். வாயில் குச்சி. குச்சி குப்பிக்குள். கனிமொழி வெளியே வேனில், ஐஸ்பெட்டியோடு.

ஏழரைக்கு இருதயராஜின் நெற்றி டார்ச் மங்கியது.

ஒரு பை வந்தது. வைத்த ஆள் திரும்பிப் போகவில்லை. மேஜைக்கு எதிரே வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

"இன்னா மாமே, கால் வலிக்குதா? வௌவால் ஊட்டுக்கு விருந்தாளியா வந்தா நாமளும் தொங்கித்தான் ஆவணும்."

இருதயராஜ் அடுத்த குப்பியை எடுத்து வைத்தார்.

"உனக்கின்னா, நேரா ஊட்டுக்குப் பூடுவ. எனக்கு ரிசல்ட் வந்தாத்தான் கதவத் தெறப்பாங்க."

"எனக்கும் அப்படித்தான் சார்."

சார்?

நஜீர் அவரை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து இருதயராஜ் பையைத் தளர்த்தினார். மூஞ்சி எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே ஒரே இருட்டு. குச்சியை விட்டார். அந்த ஷெட் வௌவால் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். குச்சி போனது... இன்னும் போனது... அவர் விரல் நுனிவரை போய்விட்டது.

கறுக்.

எதுவோ கடித்தது. இழுத்தார். வரவில்லை. வௌவாலின் பல் ஊசி மாதிரி இருக்கும். இது அகலமான பல்.

அப்போது அந்தக் கோடியிலிருந்து நஜீரின் குரல். "அண்ணாத்தே! வலை சிக்கிக்கிச்சு. பத்து நிமிஷமா அவுத்துகினு கீறேன். சும்மாத்தான குந்திகினு கீற, வந்து புடி."

இருதயராஜ் நிமிரவில்லை.

நிமிர முடியவில்லை.

மேஜைக்கு அடியில் கால்கள் தெரிந்தன. பூட்ஸ் இல்லை. வெறுங்கால்.

ஓர் இருமல். வறண்ட இருமல்...

பைக்குள்ளிருந்து.

கடி விட்டது.

"ரிசல்ட்டு எப்போ சார் வரும்?"

பழகிய வாய் தானாகச் சொன்னது. "பத்து நாள்."

"வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

டார்ச் அணைந்தது.

நஜீர் வந்தபோது இருதயராஜ் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு குப்பி. குச்சியை அதில் போட்டு மூடியிருக்கிறார். கை வேலையை மறக்கவில்லை. நஜீர் கொடுத்தது பதினான்கு பை. கனிமொழி எண்ணிப் பார்த்தால் பதினைந்து குப்பி. அவர் நம்பர் ஒட்டி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தார்.

கேட்டைப் பூட்டிவிட்டு எதிர் டீக்கடையில் நின்றார்கள். கடைக்காரர் கங்காதரன் இருதயராஜின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாவு வந்தாரா?"

"யாரு அப்பாவு?" என்றார் கனிமொழி.

"வாட்ச்மேன் சார். லாக்டவுன்ல காய்ச்சல் வந்துச்சு. மேனேஜர் உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டாரு. வெள்ள டிரஸ் போட்டவங்க டெஸ்ட் எடுக்க வருவாங்க, ரிசல்ட்டு வந்தாத்தான் தெறப்பேன்னாரு. அந்த மேனேஜரு டெஸ்டுக்கு யாருக்குமே போன் போடல."

"அப்புறம்?"

"தட்டுனாரு. நாலு நாள்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். கடைக்குப் பின்னாலதான் எங்க ஊடு." கங்காதரன் டீயை ஆற்றினார். "பயம் சார். சத்தம் கேக்கக்கூடாதுன்னு ரேடியோவப் பெருசா வெச்சோம். அஞ்சாம் நாளு ரேடியோ தேவப்படல."

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. பதினான்கு வௌவால்களிடமும் பயப்பட ஒன்றுமில்லை. பதினைந்தாவது வௌவாலே இல்லை. மனிதன். ஆண்.

"வாய மூடிட்டு வேலை பாருங்கன்னா கேட்டாத்தானே? உங்க எச்சில்தான்" என்றார் கனிமொழி. சந்தேகம் தீர, லேபில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த மூன்று பேருடைய எச்சிலோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாரோடும் பொருந்தவில்லை.

"அந்தாளுக்கு... கொரோனாவா மேடம்?"

கனிமொழி ரிசல்ட்டை இன்னொரு தடவை வரிவரியாகப் படித்தார்.

"இல்ல. நெகட்டிவ்."

அன்று மாலை ரோஷினி தாழ்ப்பாளை நீக்கிக் குழந்தையை அவர் மடியில் போட்டாள். குழந்தை அவர் மூக்கைப் பிடித்துத் திருகியது. பத்து நாள் ஏங்கிய மனுஷன் இரண்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருமழிசைக்கு பஸ் ஏறினார்.

"சொல்றேன்னு சொல்லிட்டேனே சார்" என்றார் என்னிடம்.

கேட்டில் பூட்டு தொங்கியது. தகரக் கேட். இடுக்கில் வாயை வைத்து, யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்களே என்ற வெட்கத்தோடு, மெல்லச் சொன்னார்.

"அப்பாவு அண்ணே. நெகட்டிவ். உங்களுக்கு ஒண்ணுமில்ல."

காதை இடுக்கில் வைத்துக் கேட்டார்.

ஒரு லாரி போனது.

திரும்பினார்.

தகரத்துக்கு அந்தப் பக்கம்... சரியாக அவர் காது உயரத்தில்... வறண்ட இருமல்.

"அப்போ தெறங்க சார்."

சாவி இருதயராஜிடம் இல்லை.

ஓடினார்.

தட்டுகிற சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.