எல்லோருக்கும் ஒரே ரோஸ் பனியன்

வடக்கே பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துகொண்டிருந்த சமயம். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு, கொட்டகை விசிறிகளை ஓட்டும் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். கேட்டிலேயே ஒரு அம்மா மறித்தார். பெரிய மூக்குத்தி, சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ், தோளில் மருந்தடிக்கும் டப்பா.

"ஊட்டுல கோழி வளக்கறீங்களா?"

யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது அதுதானாம்.

"ஒரே ஒரு நாட்டுக்கோழிங்க."

"அப்ப நல்லா தேச்சுக் குளிச்சுட்டு வாங்க."

கேட்டை ஒட்டியே குளியலறை. குளித்ததும், எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட ரோஸ் பனியன் ஒன்றைக் கொடுத்தார். நெஞ்சில் அச்சடித்த முயல் ஒன்று சிரித்தது.

நான் தலை துவட்டும்போது, கல்யாணத்துக்குப் போன முதலாளி பட்டு வேட்டியோடு காரில் வந்து இறங்கினார். அவரையும் விடவில்லை.

"ஏனுங்கக்கா, என்ற பண்ணைக்கு நானே குளிச்சுட்டுத்தான் போகோணுமா?"

"எனக்கு உங்களைத் தெரியுமுங்க. கோழிக்குத் தெரியாதுங்களே! ஒண்ணுக்குச் சீக்கு வந்தா கொட்டாயே காலிங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போனார். அதே முயல் பனியனோடு வெளியே வந்தவர் என் முயலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் கார் சக்கரத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவிநாசித் தேர்த்திருவிழாவில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வாயெல்லாம் பல்லாகக் கிட்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"அந்தக் கோழி இருக்குதுங்களா?"

"குஞ்சு பொரிச்சிருக்குதுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க" என்று மனசாரச் சொல்லிக்கொண்டே, அத்தனை நெரிசலிலும் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். பண்ணைக்குத் திரும்பியதும் என் கோழிக்காக இன்னொரு தடவை குளித்திருப்பார்.