இழுத்து வந்த வேன்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. போன வாரம் வரைக்கும் அதில் ஒரு வேன் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவியின் துளையில் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டிருக்கும். எந்தப் பிள்ளையின் சடையிலிருந்தோ வேனுக்குள் விழுந்து, கேட்க ஆளில்லாமல் போன ரிப்பன் அது. வெளுத்துப்போய் என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. வெளியே போகும்போதும் வரும்போதும் என் தோள் அதில் இடிக்கும், எரிச்சலாக வரும். இப்போது ஆணி சும்மா இருக்கிறது. அதைப் பார்த்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அது என் அக்காவின் சாவி. ஆயர் தாவாருக்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரங்கள் நின்று இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மண்டிக் கிடக்கும் தோட்டத்தில் அவள் பள்ளி வேன் ஓட்டினாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளைக் காலையில் டவுன் தமிழ்ப்பள்ளியில் விட்டு, மதியம் கூட்டி வருவாள். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி இழுத்தால், "எனக்கா புள்ள இல்ல? வேன்ல ஏறிப் பாரு, ஒக்கார எடமிருக்கான்னு" என்று வாயை அடைத்துவிடுவாள். அவளுக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. வேன் எங்கே நின்றாலும், அரை நிமிடமே ஆனாலும், சாவி அவள் கைக்கு வந்துவிட வேண்டும். வாண்டுகள் ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறிவிடும் என்ற பயம். இரண்டாவது, கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் அவள் இறங்கமாட்டாள். திரும்பி, "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டு, பின் இருக்கை வரை குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். எங்கோ ஒரு வேனில் ஒரு பிள்ளை தூங்கிப்போய் உள்ளேயே கிடந்ததாக யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து வந்த பழக்கம் அது. காலி வேனில் யாரிடம் கேட்கிறாய் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சட்டை செய்ததில்லை.

சர்க்கரை வியாதி அவளைப் பிடித்தது. ஒரு மதியம், தோட்டத்து முச்சந்தியில் கண் இருண்டுகொண்டு வந்திருக்கிறது. வேனை ஓரங்கட்டிவிட்டு, பெற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பி, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் கையில் ஒப்படைத்திருக்கிறாள். டிராக்டர் ஓட்டுபவர்தான் வேனைக் கொண்டுபோய்ப் பழைய ரப்பர்ப் பால் கொட்டகையில் விட்டார். அக்கா கூடவே போய்க் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வேன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் வளர்ந்து தோட்டத்தை விட்டுப் போனார்கள். பால் கொட்டகையின் கூரைத் தகரம் ஒவ்வொன்றாக வேன் மேலேயே விழுந்தது.

அக்காவின் சிறுநீரகமும் கைவிட்டபோது, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து போய்வர வண்டி கிடைப்பது அவள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பல நாள் போகாமலேயே இருந்திருக்கிறாள். முகம் ஊதிப்போய், செருப்பு காலில் ஏறாமல் உட்கார்ந்திருந்தவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். லயத்தையும் இடிக்கப்போவதாகத் தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். ஈப்போவில், பூந்தோங்கில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரத்தச் சுத்திகரிப்பு மையம் இருக்கிறது, வந்துவிடு என்றேன்.

"வேன என்ன செய்வ?" என்றாள்.

"பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்குவான்."

"அப்ப நீ போ. நான் வரல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. வேன் வந்தால்தான் அவள் வருவாள். அவள் வராவிட்டால் அந்த லயத்திலேயே வீங்கிச் செத்துப்போவாள். இப்படியாக, ஓடாத ஒரு துருப்பிடித்த வேனை ஈப்போ வரைக்கும் சேதமில்லாமல் கொண்டுபோவது என் அக்காவின் உயிர் சம்பந்தப்பட்ட காரியமாகிவிட்டது.

ஆயர் தாவாரில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயைப் பிடித்தேன். வந்து பார்த்தவர் முதலில் சிரித்தார், பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். இழுத்தபடியே விட்ட கைப்பிரேக் பின்சக்கரங்களைக் கவ்விப் பிடித்திருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் அதை விடுவித்தார். டயர்கள் வெடித்துக் கிடந்தன. வேறு நான்கைக் கொண்டுவந்து மாட்டினார். கியர்ப்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்தார். இஞ்சின் ஓடாமல் அவ்வளவு தூரம் உருண்டால் எண்ணெய் ஏறாமல் கியர்ப்பெட்டி கருகிவிடும், ஊர் போய்ச் சேர்ந்ததும் தண்டை மாட்டிக்கொள்ளலாம் என்றார். வேனை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லாரிதான் நல்லது. ஆனால் அது தோட்டத்துப் பலகைப் பாலத்தைத் தாண்டாது. "பெரிய ரோடு வரைக்கும் இழுத்துட்டு, அங்க லாரியில ஏத்திருவோம்லா. அதான் சேஃப்" என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "தூக்கி ஏத்தாதீங்க பாய். பொணத்த ஏத்துற மாதிரி இருக்கும். உருட்டியே கொண்டு போங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, தன் பிக்கப்புக்கும் வேனுக்கும் நடுவே வேறோர் இரும்புத் தண்டை முடுக்கினார். "கயிறு வேணாம், எறக்கத்துல என் மேலயே வந்து மோதும். தம்பி, நீங்க ஸ்டேரிங் புடிங்க. பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு காலாலயும் மிதிங்க. சாவி உள்ளயே இருக்கணும். எடுத்தா ஸ்டேரிங் பூட்டிக்கும், அப்புறம் நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். பெலான் பெலான் போலாம்."

அப்படி மெதுவாகத்தான் போனோம். இஞ்சின் சத்தமில்லாத வண்டியில் உட்கார்ந்து போவது ஒரு மாதிரி இருந்தது. காற்றுச் சத்தமும் சன்னல் கண்ணாடி ஆடும் சத்தமும் மட்டும் கேட்டன. அக்கா என் பக்கத்து இருக்கையில், மடியில் சாமி படத்தை வைத்துக்கொண்டு வந்தாள். லயம் கண்ணை விட்டு மறைந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் குலுங்கும்போதெல்லாம் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வழியில் பாய் அடிக்கடி நிறுத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொரு சக்கரத்திலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

போத்தா பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தினோம். நானும் பாயும் இறங்கி தேத்தண்ணி குடித்தோம். அக்கா இறங்கவில்லை, அவளுக்குத் தண்ணீர் அளவுதான். திரும்பி வந்து ஏறினேன். இஞ்சினைக் கிளப்ப வேண்டியதில்லையே. கை சாவிப் பக்கம் போகவே இல்லை. பிக்கப் நகர்ந்து சாலைக்குள் வலப்புறம் திரும்பியது. நான் ஸ்டேரிங்கைத் திருப்பினேன். பாதி திரும்பி, ‘டக்’கென்று நின்றுவிட்டது. வேன் நேராகப் போனது. இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். இரும்புத் தண்டு முறுகிக் கிறீச்சிட, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஹார்னை அழுத்தியபடியே எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. சாலையோரச் சாக்கடைக்கு மேல் முன்சக்கரம் பாதி தொங்க, வேன் நின்றது.

சாவித்துளை காலியாக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். மெல்ல விரித்தாள், சிவப்பு ரிப்பனோடு சாவி உள்ளே இருந்தது. எட்டி எடுத்தது அவளுக்கே தெரியவில்லை.

"வண்டி நின்னுச்சுல்ல தம்பி" என்றாள். என் வாயில் வந்த வசவெல்லாம் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. ஓடிவந்த பாய்தான் சாவியை வாங்கி மாட்டி, தன் கைக்குட்டையைக் கிழித்து ஸ்டேரிங் கம்போடு சேர்த்துக் கட்டினார். "பரவால்ல அக்கா. பழக்கம்தானே. அது என்ன செய்யும்" என்றார். பிறகு சிப்புத்தே, பூசிங் எல்லாம் தாண்டும் வரைக்கும் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து வந்தாள்.

பூந்தோங்கில் என் வீட்டு முன்னால் வேனை நிறுத்தினோம். அக்கா என்னைப் பார்த்தாள், எடுக்கலாமா என்று கேட்பதுபோல. நான் முடிச்சை அவிழ்த்தேன். அவள் சாவியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். பிறகு இருக்கையிலிருந்தபடியே முழுவதுமாகப் பின்னால் திரும்பினாள். கிழிந்த இருக்கைகள், சாக்கு மூட்டை, தரையில் பனை ஓலைத் தூள். "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டாள். இந்த முறை நான் கிண்டல் செய்யவில்லை. பாய் கதவைப் பிடித்தபடி, "எறங்கியாச்சுக்கா" என்று பதில் சொன்னார்.

பாய் கழற்றி வைத்த தண்டைத் திரும்ப மாட்டவே இல்லை. இன்று நாளை என்று தள்ளிப் போனது. அக்கா மட்டும், ரத்தம் சுத்தம் செய்யப் போகும் காலைகளில், நான் காரை எடுக்கும் வரைக்கும் வேனில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். ஈப்போ அவளுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் மையத்துக்குப் போக மறுத்ததில்லை. இரண்டு தீபாவளி பார்த்தாள். மூன்றாவதுக்கு முன்னால், மையத்துப் படுக்கையிலேயே, கையில் ஊசியோடு அவள் மூச்சு அடங்கிவிட்டது. அவள் பையில் சாவி இருந்தது. அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியவன் நான்தான்.

வேனுக்குள் கொசு முட்டையிடுகிறது என்று நகராண்மைக் கழகத்திலிருந்து வந்து சொன்னார்கள். இரண்டாவது முறையும் சொன்னார்கள். போன வாரம் பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் முதுகு சாய்ந்த பெரிய லாரியோடு வந்தார். தூக்கி ஏற்றும் லாரிதான். எங்கள் தெருவில் பலகைப் பாலம் இல்லை, தடுக்கவும் யாருமில்லை. "ஸ்டேரிங் லாக்கா இருக்கு அண்ணே, சாவி குடுங்க, ஏத்திருவோம்" என்றார்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். கொடுக்கப் போன கை நின்றுவிட்டது. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே கடைசி இருக்கை வரை போனேன். அடியில் சாக்கில் சுற்றிய தண்டு, பாய் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை நகர்த்தி அதற்குப் பின்னாலும் பார்த்தேன்.

"எல்லாரும் எறங்கியாச்சுக்கா" என்றேன். அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.